பிப்ரவரிச் சம்பளமும் என் ஒப்பீட்டு அறிக்கையும்

2024 பிப்ரவரி 29. மறுநாள் பிளஸ் டூ பொதுத்தேர்வு. மேசை மேசையாகப் பதிவெண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் பசை. போன் ஒருமுறை அதிர்ந்தது. சம்பளம் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி. மாதாமாதம் 74,000 சொச்சம் வருகிற இடத்தில் 33,000 சொச்சம் வந்திருந்தது. பசைக் கையோடேயே மறுபடி திறந்து பார்த்தேன். அதேதான்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். நடத்துவது வணிகவியலும் கணக்குப்பதிவியலும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னால்தான் மீதிக் கதை புரியும்.

அரசு ஊழியர்களுக்குத் தெரியும். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில் வரும் என்பதால் எங்களுக்கு வரிக் கணக்கில் ஆண்டு என்பது மார்ச் சம்பளத்தில் தொடங்கி பிப்ரவரிச் சம்பளத்தில் முடியும். பிப்ரவரியில் வருமான வரிப் படிவம் கொடுத்தால்தான் சம்பளப் பட்டியலே நகரும். அதுவரை பிடித்தது போக மீதி வரி முழுவதும் அந்த ஒரு மாதத்தில் விழும். எனக்கு மாதம் 2,000 என்று பதினோரு மாதம் பிடித்திருந்தார்கள், 22,000. மொத்த வரியோ 64,584. மீதி 42,584 பிப்ரவரியில் போய்விட்டது.

படிவத்தில் கையெழுத்து போட்டது நானேதான். எங்கள் பள்ளியில் இயற்பியல் சார் எக்செல்லில் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பார். செய்முறைத் தேர்வு நேரத்தில் நீட்டினார், நான் எண்ணைப் பார்க்காமல் நான்கு இடத்தில் கையெழுத்து போட்டேன். கணக்கு நடத்துகிறவள் செய்கிற வேலையா இது?

முதலில் எனக்கு வந்த எண்ணம், அலுவலகத்தில் ஏதோ தவறு என்பதுதான். வீட்டில் தேடியபோது முந்தின வருடத்துப் படிவம் 16, அதாவது வரி பிடித்ததற்கு அலுவலகம் தருகிற சான்று, கிடைத்தது. அதில் 2023-24 என்று இருந்தது, வரி 21,320. பள்ளியில் கொடுத்த படிவத்திலும் 2023-24 என்று இருந்தது, வரி 64,584. ஒரே வருடத்துக்கு இரண்டு வரியா? இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் இளநிலை உதவியாளர் தம்பியிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "டீச்சர், இது மதிப்பீட்டு ஆண்டு, அது நிதியாண்டு" என்றான். படிவம் 16இல் போட்டிருந்தது மதிப்பீட்டு ஆண்டு. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வாங்கிய சம்பளத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2023-24. சம்பாதித்த வருடம் ஒன்று, அதை எடுத்துக் கணக்குப் பார்க்கிற வருடம் அதற்கு அடுத்தது. இதை நான் பிள்ளைகளுக்கு வரியியல் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். அந்தத் தம்பி எங்கள் பள்ளியில் படித்தவன் என்பது கூடுதல் வேதனை. (1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிற வருமான வரிச் சட்டம் 2025இல் இந்த இரட்டைப் பெயர் ஒழிகிறது. இனி 'வரி ஆண்டு' என்று ஒன்றுதான். எனக்கு இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கலாம்.)

அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "சம்பளம் கூடியிருக்கு, வரியும் கூடியிருக்கும். இதுல என்ன இருக்கு?" என்றார். எவ்வளவு கூடியது என்று பார்த்தேன். 2022-23 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 9,42,000. 2023-24இல் 11,44,000. இருபத்தொரு சதவீதம் கூடுதல். வரி? 21,320 இருந்த இடத்தில் 64,584. மூன்று மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு கூடிய சம்பளத்துக்கு எப்படி மூன்று மடங்கு வரி என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இரண்டு பேரும் ரசத்தை முடித்தோம்.

அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஒப்பீட்டு அறிக்கை. ஐந்து பத்தி: விவரம், முந்தைய ஆண்டு, நடப்பு ஆண்டு, அதிகரிப்பு அல்லது குறைவு, சதவீதம். வருடா வருடம் கரும்பலகையில் கோடு போட்டு, ஏதோ ஒரு கற்பனைக் கம்பெனியின் விற்பனை ஏன் கூடியது, இலாபம் ஏன் குறைந்தது என்று நடத்துகிறேன். என் சொந்தக் கணக்குக்கு ஒருமுறைகூடக் கோடு போட்டதில்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்தேன்.

இரண்டு வருடமும் பழைய முறைதான், அதாவது சேமிப்பு, கடன் வட்டி என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகிற, கழிவுகளோடு கூடிய முறை. (சேமிப்புக் கணக்கு வட்டி சில நூறுகள் வரும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) 2022-23இல் 9,42,000இலிருந்து நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவான கழிவு) 50,000, தொழில் வரி 2,500, வீட்டுக் கடன் வட்டி 1,78,000, 80சி-யில் (சேமிப்பு மாதிரியானவற்றுக்கான கழிவு) 1,50,000, மருத்துவக் காப்பீடு 21,500. மிச்சம் 5,40,000. அடுத்த வருடம் 11,44,000இலிருந்து அதே 50,000, அதே 2,500, வட்டி 1,71,500, அதே 1,50,000, காப்பீடு 22,000. மிச்சம் 7,48,000.

இங்கேயே பாதி விடை இருக்கிறது. சம்பளம் 2,02,000 கூடியது. வரிக்கு உட்பட்ட வருமானம் 2,08,000 கூடியது. கூடிய சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூடக் கழிவுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. 80சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 பட்ஜெட்டில் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் ஆக்கினார்கள். அதோடு சரி. அகவிலைப்படி கூடக்கூட என் சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியம்) பிடித்தம் கூடுகிறது, எல்.ஐ.சி. இருக்கிறது, மகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, வீட்டுக் கடன் அசல் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். சட்டம் ஒன்றரையோடு நிறுத்திவிடும். எங்கள் பக்கத்துக் குளம் மாதிரிதான். குளம் நிரம்புகிற வரை வருகிற தண்ணீர் குளத்துக்குள் நிற்கும். நிரம்பிய பிறகு பெய்கிற மழை அவ்வளவும் மறுகால் போகும்.

மீதிப் பாதி விடை படிநிலையில் இருக்கிறது. பழைய முறையில் இரண்டரை லட்சம் வரை வரி இல்லை. அடுத்த இரண்டரைக்கு 5 சதவீதம், அதாவது 12,500. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 20 சதவீதம். 2022-23இல் ஐந்து லட்சத்தைத் தாண்டி நின்றது வெறும் 40,000. அடுத்த வருடம் தாண்டி நின்றது 2,48,000. நான் மொத்தச் சம்பளத்தை மொத்த வரியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பிட வேண்டியது மேல்படியில் நிற்கிற துண்டை. அந்தத் துண்டு ஆறு மடங்குக்கு மேல் பெருத்திருந்தது. வரி மூன்று மடங்கோடு நின்றதே, அடியில் அந்த 12,500 மாறாமல் கிடந்ததால்தான்.

அதன் பிறகு சுலபம். நான்காம் பத்தியில் வந்த ஒவ்வொரு வித்தியாசத்தையும் 20 சதவீதத்தால் பெருக்கி, அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி. ஆக ரூபாய்க்கு 20.8 காசு. வழக்கமான சம்பளத்தில் கூடியது 1,34,000. அதனால் வந்த வரி 27,872. இதில் அகவிலைப்படிக்குப் பெரிய பங்கு. 2022-23இல் 31 சதவீதத்தில் தொடங்கி 34, 38 என்று போனது, அடுத்த வருடம் 42, 46 என்று ஏறியது. முந்தைய ஆண்டுகளுக்கான அரியர் 68,000, அதனால் 14,144. வீட்டுக் கடன் வட்டி குறைந்ததால் 1,352. காப்பீடு கூடியதில் 104 ரூபாய் மிச்சம். கூட்டிக் கழித்தால் 43,264. வித்தியாசம் காசு பிசகாமல் உட்கார்ந்தது. பிள்ளைகளின் தாளில் இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது எனக்கு அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. தப்பு யாரிடமும் இல்லை. மறுநாள் அந்தத் தம்பிக்கு ஒரு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

அரியர் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் பணியில் சேர்ந்தவள் நான். பத்து வருடம் முடிந்தால் தேர்வுநிலை, அதாவது அடுத்த ஊதிய நிலை. 2021 டிசம்பரில் வந்திருக்க வேண்டிய ஆணை, கோப்பு எங்கெங்கோ சுற்றி இரண்டு வருடம் கழித்து வந்தது. 2024 பொங்கலுக்கு முந்தின வாரம் 1,18,000 மொத்தமாகக் கணக்கில் ஏறியது. பொங்கல் படியில் ஏறி வந்த மகாலட்சுமி என்றே நினைத்தேன். பழைய ஃப்ரிட்ஜை மாற்றினோம். அதில் 16,000 2021-22க்கு உரியது, 52,000 2022-23க்கு உரியது, மீதி 50,000 அந்த வருடத்துக்கே உரியது. ஆனால் சம்பள நிலுவையை எந்த வருடம் கையில் வாங்குகிறோமோ அந்த வருட வருமானத்தில்தான் சேர்ப்பார்கள்.

ஸ்டாஃப் ரூமில் ஒரே குரலாகச் சொன்னார்கள்: "10இ போடுங்க டீச்சர், எல்லாம் திரும்ப வந்துரும்." பிரிவு 89இன்படி நிவாரணம் உண்டு, அதற்கு 10இ படிவத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன்னால் ஆன்லைனில் போட வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கணக்கு இப்படிப் போகிறது: அரியர் சேர்ந்ததால் இந்த வருடம் எவ்வளவு கூடுதல் வரி, அந்தப் பணம் உரிய வருடத்திலேயே வந்திருந்தால் அந்தந்த வருடம் எவ்வளவு கூடுதல் வரி. முதலாவது பெரிதாக இருந்தால் வித்தியாசத்தைத் தருவார்கள். எனக்கு இந்த வருடம் 20 சதவீதப் படி. 2022-23இலும் அதே 20. 2021-22இல் வரிக்கு உட்பட்டது 5,10,000, அப்போதும் அதே 20. முதலாவது 14,144. இரண்டாவதும் 14,144. நிவாரணம் பூஜ்யம்.

படி மாறினால்தான் நிவாரணம் என்று யாரும் சொல்லவில்லை. அரியரால் 30 சதவீதப் படிக்குத் தள்ளப்பட்ட எங்கள் உதவித் தலைமையாசிரியருக்கு நல்ல தொகை வந்தது. அவர் சொன்னது அவருக்கு உண்மை. அதைக் கேட்டு ஊரே போட்டது.

வீட்டுக் கடன் வட்டியும் சின்ன விஷயம் இல்லை. சொந்த வீட்டுக்குக் குடிவந்தபிறகு வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு போய்விட்டது. அதன் இடத்தில் வட்டிக் கழிவு வந்தது, இரண்டு லட்சம் வரை. அது வருடா வருடம் தேய்கிற கழிவு. மாதத் தவணை மாறாது, ஆனால் உள்ளே வட்டி குறைந்துகொண்டே போகும், அசல் கூடிக்கொண்டே போகும். கூடுகிற அசலுக்கு இடம் 80சி. அதுதான் எப்போதோ நிரம்பிவிட்டதே. ஆகக் கடன் தீரத்தீர வரி ஏறும். 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனபோது என் வட்டியும் கூடியிருக்க வேண்டும். இடையில் ஒரு சீட்டுப் பணத்தை எடுத்து அசலில் கட்டியதால் கூடவில்லை. கடன் குறைந்தது என்று சந்தோஷப்பட்ட அந்த மாதத்திலேயே வரியைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். அதற்காகக் கட்டாமல் இருந்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வங்கிக்கு ஒரு ரூபாய் வட்டி கொடுத்து வரியில் இருபது காசு மிச்சம் பிடிப்பது சாமர்த்தியம் இல்லை, எண்பது காசு நட்டம். இதைச் சாமர்த்தியம் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருடம், 2024-25. சம்பளம் 11,36,000. அரியர் இல்லாததால் மொத்தம் கொஞ்சம் இறங்கித் தெரிகிறது. பழைய முறையில் வரி 63,960 என்று படிவம் கொடுத்தேன், பிடித்தார்கள். ஆனால் இந்தத் தடவை ஒப்பீட்டு அறிக்கையில் இன்னொரு பத்தி சேர்த்திருந்தேன்: புதிய முறை, அதாவது விகிதம் குறைவு, கழிவுகள் அநேகமாக இல்லை. முந்தின வருடமே போட்டுப் பார்த்தபோது புதிய முறையில் 77,064 வந்தது, பழையது 64,584. யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் 2024 ஜூலை 23 அன்று நிர்மலா சீதாராமன் வாசித்த பட்ஜெட்டில் புதிய முறைக்கு மட்டும் நிலைக்கழிவு 75,000 ஆனது, படிகளும் அகன்றன. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 7 முதல் 10 வரை 10, 10 முதல் 12 வரை 15. என் 10,61,000க்கு வரி 61,516. பழையதைவிட 2,444 குறைவு.

சம்பளக்காரர்கள் வருடத்தின் தொடக்கத்தில் அலுவலகத்தில் என்ன சொல்லியிருந்தாலும், ரிட்டர்ன் தாக்கலின்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் போதும். அந்தத் தடவை கெடு செப்டம்பர் 16 வரை நீண்டது. மாற்றினேன். 2,440 திரும்பி வந்தது. பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள், 4 ரூபாய் போச்சு. என் சம்பளம், சேமிப்பு, கடன் எதுவும் செய்யாத வேலையைச் சட்டத்தில் மாறிய நான்கு வாக்கியம் செய்தது. தொகை சிறியதுதான். ஆனால் முதன்முதலாக என் வரி ஏன் மாறியது என்பது அது மாறுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

இந்த வருடக் கதைதான் (2025-26) இன்னும் ருசி.

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். புதிய முறையில் படிகள் நாலு நாலு லட்சமாக மாறின: முதல் நாலுக்கு இல்லை, அடுத்த நாலுக்கு 5, அதற்கடுத்ததற்கு 10, 12 முதல் 16 வரை 15 சதவீதம், அப்படியே மேலே. 12 லட்சத்துக்குப் படிப்படியாகப் போட்டால் 60,000 வரி வரும். அதை 87ஏ பிரிவின்படி தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். இதைக் கவனியுங்கள்: 12 லட்சம் வரை விலக்கு இல்லை, தள்ளுபடி. எல்லை தாண்டினால் தள்ளுபடி கிடையாது.

இங்கேதான் எங்கள் பள்ளியில் பீதி. 2020இல் கொரோனாவைச் சொல்லி நிறுத்தின ஈட்டிய விடுப்பு சரண்டர் (எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்குவது), 2025 அக்டோபர் 1 முதல் மறுபடி வந்தது. பதினைந்து நாள் சம்பளம். ஐந்து வருடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பணம். அகவிலைப்படியும் 55, பிறகு 58. தமிழய்யா கணக்குப் போட்டுப் பார்த்தால் சரண்டரால் 12 லட்சத்தை மூவாயிரம் ரூபாய் தாண்டுகிறார். "மூவாயிரத்துக்காக அறுபதாயிரம் கெட்டணுமா? எனக்கு சரண்டரே வேண்டாம்" என்று விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளிம்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினோமோ, வரி அந்தத் தொகையைத் தாண்டாது. மூவாயிரம் தாண்டினால் வரி மூவாயிரம், மேல்வரி 120. அவ்வளவுதான். "அப்படின்னா தாண்டுன மூவாயிரமும் அவங்களுக்கே போயிருமே டீச்சர்?" ஆமாம் அய்யா, போய்விடும், கூடவே 120 ரூபாயும். ஆனால் அறுபதாயிரம் போகாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, மிச்சச் சரண்டர் எனக்குத்தானே" என்று விண்ணப்பத்தை இருந்த இடத்திலேயே விட்டார்.

என் கதை? சம்பளம் 12,05,000, சரண்டர் 47,000. ஆக 12,52,000. நிலைக்கழிவு போக 11,77,000. இந்த மாதம் கொடுத்த படிவத்தில் வரி என்ற இடத்தில் பூஜ்யம். இயற்பியல் சார் எனக்குக் கை கொடுத்தார். ஆனால் பள்ளிக்குத் தெரிந்தது என் சம்பளம் மட்டும்தான். போன வருடம் மார்ச்சில் மகளின் கல்லூரிப் படிப்புக்கு என்று நாலரை லட்சத்தை ஒரு வருட வைப்புத்தொகையில் போட்டிருக்கிறேன். வட்டி 31,000. வட்டி 50,000ஐத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும், அதனால் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததால் வரி இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் அந்த வட்டி அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அதைச் சேர்த்தால் 12,08,000. எல்லையைத் தாண்டியது 8,000. வரி 8,000, மேல்வரி 320, ஆக 8,320. ஜூலையில் நானே கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்குள் இருப்பதால் முன்கூட்டிக் கட்டும் தொல்லை இல்லை.

போன வருடம் 61,516, இந்த வருடம் 8,320. நோட்டில் இதையும் பிரித்துப் பார்த்தேன். போன வருடச் சட்டமே இருந்திருந்தால் இந்த 12,08,000க்கு 84,864 வந்திருக்கும். ஆக என் வருமானம் கூடியதால் ஏறியது 23,348. சட்டம் மாறியதால் இறங்கியது 76,544. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனதில் மிஞ்சியதைத்தான் நான் 'வரி குறைந்துவிட்டது' என்று பார்க்கிறேன். பழைய முறையிலேயே நின்றிருந்தால் 96,200. பழைய முறையை விடமாட்டேன் என்று ஏப்ரலில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிப்ரவரியிலும் கேட்காமல் அதே முறையில் கையெழுத்து போட்ட ஒரு சார் இருக்கிறார். ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பென்சிலால் அடுத்த வருடத்துக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன். விகிதங்கள் இப்படியே இருந்து, ஓர் ஊதிய உயர்வும் இரண்டு அகவிலைப்படியும் வந்து, சரண்டரும் எடுத்தால், நிலைக்கழிவு போக 12,49,000. வைப்புத்தொகையைப் புதுப்பித்து வட்டி 31,000 வந்தால் 12,80,000. விளிம்பு நிவாரணம் 12,70,588 வாக்கில் தீர்ந்துபோகும். அதற்கு மேல் படிக்கணக்குதான்: 72,000, மேல்வரியோடு 74,880. இந்த வருடத்தின் ஒன்பது மடங்கு. அடுத்த பிப்ரவரியில் எனக்கு மூச்சு நின்றுவிடாமல் இருக்க, நோட்டில் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

அந்த வட்டி மட்டும் இல்லாவிட்டால்? 12,49,000க்கு விளிம்பு நிவாரணத்தோடு 50,960. ஆக 31,000 ரூபாய் வட்டியில் 23,920 வரிக்கே போகிறது. கையில் நிற்பது 7,080.

வைப்புத்தொகை அடுத்த மாதம் முதிர்கிறது. "என் பேர்ல மாத்திருவோமே" என்றார் வீட்டுக்காரர். கணவன் மனைவிக்கு, மனைவி கணவனுக்குச் சும்மா கொடுத்தால் அதிலிருந்து வருகிற வட்டியைக் கொடுத்தவர் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். பெற்றோருக்குக் கொடுத்தால் அப்படிச் சேர்க்கும் விதி இல்லை. அம்மாவுக்கு வேறு வருமானமும் கிடையாது. நேற்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பூ கட்டிக்கொண்டிருந்தாள். நாரை இழுத்துவிட்டு, எல்லாம் கேட்டு முடித்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப வட்டிய நான் எடுத்துக்கிடலாம்லா?"